எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கல்விச் சீர்: தட்டில் என்ன வைக்கலாம், எந்தத் தெருவிலிருந்து புறப்படலாம்?

பூவரசமரம்:
எல்லோருக்கும் வணக்கம். அறந்தாங்கிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். என் மகள் அங்கே மூன்றாவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இந்த முறை என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வருகிற ஆண்டு விழாவுக்குக் கல்விச் சீர் கொண்டுபோகலாம் என்று ஊரில் பேச்சு எழுந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் இது பழகிப்போன விஷயம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் ஜனம் ஒன்றுகூடி, தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, கூடவே நாற்காலி, பீரோ, மின்விசிறி, நோட்டுப் புத்தகம், எவர்சில்வர் குடம் என்று பள்ளிக்கு வேண்டிய பொருள்களைச் சுமந்துகொண்டு மேளதாளத்தோடு பள்ளிக்குப் போவோம். வாசலில் ஆசிரியர்கள் சந்தனம் குங்குமம் கொடுத்து வரவேற்பார்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போகிற அதே வரிசைதான்.

பக்கத்து ஊரில் போன வருஷம் செய்தார்கள். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அங்கே கொடுத்த பொருள்களில் பாதி இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் ஊரிலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது என் கவலை. எல்லாரும் கூலி வேலை, பூக்கொல்லை, தென்னை என்று பிழைக்கிற குடும்பங்கள். அவர்கள் கொடுக்கிற ஐம்பதும் நூறும் வீணாகக் கூடாது.

செய்து பார்த்தவர்கள், ஆசிரியர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். என்ன வாங்கலாம்? எப்படிச் செய்தால் பள்ளிக்கு நிஜமாகவே உதவும்?

தென்னந்தோப்பு:
அக்கா, நல்ல காரியம். நானும் பேராவூரணிப் பக்கம்தான், இப்போது சிங்கப்பூரில் வேலை. இங்கே நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊருக்கும் அதையே யோசியுங்கள். பிள்ளைகள் பாடத்தைப் படமாகப் பார்த்தால் மனதில் நிற்கும். கொடுத்தவர்கள் பெயரைச் சுவரில் ஒரு கல்வெட்டாக வைத்துவிட்டால் அடுத்தவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரில் தன் பெயர் ஒரு சுவரிலாவது இருக்கிறது என்பது பெரிய ஆறுதல், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணிநிறைவு:
அம்மா, நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தொடக்கப் பள்ளியிலேயே என் வேலைக்காலம் முழுக்கப் போனது.

இந்த வழக்கம் ஏதோ நேற்று முளைத்தது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். 1950களில், காமராசர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர் மக்கள் கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், குடிதண்ணீர்ப் பானை, சிலர் நிலம்கூட, தங்கள் பள்ளிக்கு எழுதி வைத்தார்கள். எங்கள் அப்பா அப்படி ஒரு மாநாட்டுக்கு மாட்டு வண்டியில் போய்வந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மதிய உணவும் அப்படித்தான் தொடங்கியது. அரசாங்கப் பணம் வருவதற்கு முன்னால் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும்தான் அடுப்பில் ஏறின. பிறகு அரசு அதைத் தன் கையில் எடுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். ஊர் ஆரம்பித்து வைத்ததை அரசு தொடர்ந்து நடத்தியது என்பதுதான் நம் கல்வி வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பார்த்தவரை சீரில் வந்து சீக்கிரம் கெட்டுப்போவது தண்ணீர் சுத்திகரிக்கிற எந்திரம். கொடுக்கிற அன்று எல்லாரும் ஒரு டம்ளர் குடித்துப் பார்ப்பார்கள். ஒரு வருஷத்தில் உள்ளே இருக்கிற வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றச் செலவாகும். அதை யார் கொடுப்பது என்று அப்போது யாரும் பேசியிருக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் அந்த எந்திரத்தின் மேல் கடைசியில் வருகைப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தோம். பீரோ அப்படி இல்லை, இருபது வருஷம் நிற்கும். பாய், உலக உருண்டை, கெட்டி நாற்காலி எல்லாம் உழைக்கும். வாங்குகிற எதுவானாலும், இதைப் பராமரிக்க வருஷத்துக்கு என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள்.

டிவி பற்றித் தம்பி சொன்னார். அரசே தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறை கொடுக்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் பள்ளிக்கு வந்துவிட்டதா என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெண்டாம்பெஞ்சு:
எல்லோரும் பாராட்டுகிறார்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. கட்டடம், கழிவறை, குடிநீர், விளையாட்டுத் திடல், முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், எல்லாம் அரசின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. வரி கட்டுகிற ஜனம் மறுபடி காசு போட்டு நாற்காலி வாங்கித் தர வேண்டுமா? ஊர் வாங்கிக் கொடுத்துவிடும் என்று தெரிந்தால் அதிகாரிக்கு என்ன அவசரம்? வசதியான ஊர்ப் பள்ளிக்குச் சீர் வரும், ஏழை ஊர்ப் பள்ளிக்கு வராது. அது நியாயமா?

இன்னொன்று. தட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது? எங்கள் ஊரில் காலை ஏழரைக்கே தனியார் பள்ளி வேன்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. என் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். அதை மறைக்க எனக்கு எதுவும் இல்லை. மூன்றரை வயதில் சேர்க்க எல்கேஜி எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இல்லை. 2019ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருந்த அங்கன்வாடிக்குத்தான் அது கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்றரை வயதில் வேனில் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி அரசுப் பள்ளிக்கு வருவதில்லை. நண்பர்கள் அங்கே, டீச்சர் அங்கே, பழகிவிட்டது.

எல்கேஜி கேட்டு, மூன்றாவது ஆசிரியர் கேட்டு ஊர் ஒன்றாகப் போய் மனு கொடுக்கட்டும். அதற்கு மேளம் அடியுங்கள், நான் முன்னால் வருகிறேன்.

கரும்பலகை:
நான் இப்போது பணியில் இருக்கிற ஆசிரியை. ஊர் வேண்டாம். ஈராசிரியர் பள்ளிதான்.

ரெண்டாம்பெஞ்சு சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். கடமை அரசுடையது. ஆனால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு என் முன்னால் உட்காரப்போகிற பிள்ளைக்கு மனுவின் பதில் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் பொருள் எதையும் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இருக்கிற பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கிற படியை வைத்துப் பிரித்து உட்கார வைக்கிறோம். அது நல்ல முறை. ஆனால் அரும்பில் இருக்கிற பிள்ளை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விரல் வைத்து வாசிக்கச் சொன்னால்தான் நகரும். ஊரில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண்கள் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியில் அப்படிப்பட்டவர்கள்தான் திண்ணையிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி ஒருத்தி வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து கதை வாசித்துக் காட்டினால் எனக்கு அதுதான் சீர்.

அப்புறம் இன்னொரு விஷயம். கழிவறை. அதைப் பற்றி ஆண்டு விழா மேடையில் யாரும் பேசுவதில்லை.

பூவரசமரம்:
டீச்சர், நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தைக்காகவே இன்று பள்ளிக்குப் போனேன்.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, நான்காவது ஐந்தாவது பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, பள்ளிக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். பையன்கள் பந்து, கேரம் போர்டு, ஊஞ்சல் எழுதினார்கள். ஒரு பையன் "மழை பெஞ்சா ஒழுகாத இடம்" என்று எழுதியிருக்கிறான். பெண் பிள்ளைகள் தாளில் பாதிக்கு மேல் ஒரே வரி, ஆளாளுக்கு வேறு எழுத்துப் பிழையோடு. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்.

போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து, மரத்தில் திருகாணி இருந்த ஓட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிடிக்க ஆள் கிடைக்காத நாளில் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொள்கிறார்கள், அதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. என் மகள் சாயங்காலம் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு நேரே கொல்லைப்பக்கம் ஓடுவாள். காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது. சட்டமும் மனுவும் இருக்கட்டும். அது கீரமங்கலம் கடைத்தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். தச்சர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இன்று மாலையே வந்து உள்பக்கம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டார். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

துப்புரவுக்கு வருகிற அம்மாவிடமும் பேசினேன். அவருக்குக் கிடைப்பது மிகவும் சொற்பம். அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை. பினாயில், துடைப்பம், வாளி எல்லாம் ஆசிரியர்கள் கைக்காசில் வாங்கித் தருகிறார்கள்.

சீர்ப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து போடக் கூடாது, பள்ளிக்குள் உட்கார்ந்து போட வேண்டும் என்பது எனக்கு இப்போது உறுதியாகிவிட்டது.

மஞ்சப்பை:
அக்கா, எதை எடுத்துக்கொண்டு போவது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கிருந்து புறப்படுவது என்று யாராவது பேசுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் காலனியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது செவிலியராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் சீர் போனது. கோயில் வாசலில் புறப்பட்டு, பெரிய தெரு வழியாகப் போய்ப் பள்ளியில் முடிந்தது. மேளம் அடிக்க எங்கள் தெருவைக் கூப்பிட்டார்கள். தட்டு எடுக்கக் கூப்பிடவில்லை. அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசி எங்கள் தெருப் பிள்ளைகள். பெரிய தெருப் பிள்ளைகள் வேனில் போகிறார்கள். எங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். என் தம்பி மகன் வரவேற்புப் பாட்டுப் பாடினான். பாடியது யாருக்காக என்று எனக்கு ஆறவே இல்லை.

படிக்கிற பிள்ளையின் வீட்டார் தட்டு ஏந்தாமல் வேறு யாரோ ஏந்திக்கொண்டு போனால் அது தர்மம் போடுகிற மாதிரி ஆகிவிடும். சீர் என்றால் உரிமை உள்ளவர்கள் செய்வது. நீங்கள் தலைவியாக இருக்கிறீர்கள், உங்களால் மாற்ற முடியும். காலனியிலிருந்து புறப்படட்டும். முதல் தட்டைக் காலனித் தாய் ஒருத்தி எடுக்கட்டும். மற்றத் தெருக்கள் வழியில் சேர்ந்துகொள்ளட்டும்.

தென்னந்தோப்பு:
மஞ்சப்பை அக்கா சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். நான் சின்ன வயதில் பார்த்ததும் இதுதான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் வெளியே வந்ததும் வேறு பக்கம் நடப்பான். இங்கே சிங்கப்பூரில் ஒரே அறையில் படுக்கிறோம், ஒரே பானையில் சாப்பிடுகிறோம். ஊர் என்றதும் அது மாறிவிடுகிறது. காலனியிலிருந்து புறப்படுவது சரிதான்.

பெயர்க்கல் வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றிவிட்டது. துப்புரவு அம்மாவுக்கு மாதாமாதம் ஏதாவது செய்ய முடியுமா என்று எங்கள் பையன்களிடம் கேட்கிறேன்.

நெல்லியடி:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், வடமராட்சி. உங்கள் கதைகளை ஆவலோடு வாசிக்கிறேன். எங்களிடம் சீர் என்ற வழக்கம் இல்லை. பழைய மாணவர் சங்கம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பெரிய கல்லூரிகளுக்கு லண்டன், ரொறன்ரோ என்று சங்கக் கிளைகள் இருக்கின்றன. மண்டபம், விளையாட்டு அரங்கு, கணினி அறை எல்லாம் அவர்கள் காசில் எழும்பியிருக்கின்றன. போருக்குப் பிறகு அந்த உதவி இல்லையென்றால் பல பாடசாலைகள் நிமிர்ந்திருக்காது. அதை நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் அதற்குள் ஒரு நோவும் இருக்கிறது. காசு பெயர் பெற்ற கல்லூரிக்குத்தான் போகிறது. கிராமத்துச் சின்னப் பாடசாலைக்கு வெளிநாட்டில் சங்கம் இல்லை. பெரிய பாடசாலையில் இடம் வாங்கித் தருகிற தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்து, பெற்றோர் பிள்ளையை முதலாம் தரத்திலேயே பட்டினப் பாடசாலையில் சேர்த்துவிடுகிறார்கள். தீவுப் பகுதியில் பிள்ளைகள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டுப் போயின. கதிரை மேசை எல்லாம் இருந்தது, இருக்கப் பிள்ளை இல்லை. ரெண்டாம்பெஞ்சு அண்ணை சொன்ன வேன் கதை எங்களிடமும் அப்படியே இருக்கிறது.

எங்களிடம் இன்னும் அழியாத ஒன்று சிரமதானம். தவணை தொடங்க முதல் ஒரு சனிக்கிழமை பெற்றோர் மண்வெட்டி, கத்தி, விளக்குமாறோடு வருவினம். வளவு துப்புரவாகும், வேலி அடைபடும், கிணறு இறைபடும். அதிபரும் சேர்ந்து நிற்பார். மத்தியானம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். என்னுடைய அப்பா காசு கொடுத்ததை நான் கண்டதில்லை. ஆனால் எங்கள் பாடசாலைக் கிணற்றுக்கட்டில் அவர் பூசிய சீமெந்து இன்றைக்கும் இருக்கிறது. கொடுக்கக் காசில்லாத தகப்பனுக்கும் தன் பாடசாலை என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது. உங்கள் ஊரிலும் சீருக்கு முதல் ஒரு நாளை அதற்கு ஒதுக்கிப் பாருங்கோ, தங்கச்சி.

காலைஅடுப்பு:
நான் மகளிர் சுய உதவிக் குழு. பள்ளியில் காலை உணவு சமைக்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்ததே, அப்போதிலிருந்து. என் பையனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். சமைக்கிறவர் பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, நல்ல விதி. விடிவதற்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்கிறேன். தொடங்கியபோது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று இருந்தது.

பள்ளிக்குள் நடப்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். முன்பு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகள் சுருண்டு படுக்கும் என்று டீச்சர் சொல்வார். ஞாயிறு இரவு வீட்டில் சரியாகச் சாப்பாடு இருக்காது, திங்கள் காலை அம்மா நடவுக்கோ களைபறிக்கவோ போயிருப்பார். இப்போது அப்படி இல்லை. கிச்சடியில் கேரட் அதிகமாகப் போட்டால் ஒதுக்கி வைப்பார்கள், பொடியாக நறுக்கினால் சாப்பிட்டுவிடுவார்கள். இரண்டாவது முறை கேட்கிற பிள்ளை யார், கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை யார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு நானாகவே போய் வைப்பேன்.

தட்டில் வைக்க ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட நீளப் பாய், கை கழுவ உயரம் குறைந்த குழாய். ஒன்றாவதுப் பிள்ளைக்கு இப்போது இருக்கிற குழாய் எட்டவில்லை. பெரிய பிள்ளை தூக்கிப் பிடிக்கிறது, சட்டையெல்லாம் ஈரம். ஒரு கொத்தனாரும் அரை நாளும் போதும்.

பணிநிறைவு:
அருமை அம்மா. இத்தனை வருஷம் பள்ளியில் இருந்த எனக்கே அந்தக் குழாயின் உயரம் பட்டியலில் வந்திருக்காது.

ரெண்டாம்பெஞ்சு:
நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் தாழ்ப்பாளும் குழாயும் மனு போட்டுக் காத்திருக்கிற விஷயமில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். சீர் கொண்டுபோகிற அன்றே எல்கேஜி கேட்டும் ஆசிரியர் கேட்டும் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அதை வெறும் கையெழுத்துப் போடுகிற இடமாக விட்டுவிடாதீர்கள். மனுவின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.

பூவரசமரம்:
நேற்று குழுக் கூட்டம் நடந்தது. பெரிய விவாதம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மொய் விருந்து நடக்கிற பகுதி, நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஆடி மாதம் வந்தால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி எல்லாம் கறிச்சோறும் மொய்ப்பந்தியுமாக இருக்கும். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கும், அவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பி, மேலே புதிதாகவும் போட வேண்டும். கஜா புயலுக்கும் கொரோனாவுக்கும் பிறகு அது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் மொய் நோட்டுக்கு இருக்கிற மரியாதை எங்கள் ஊரில் வேறு எந்தப் பதிவேட்டுக்கும் கிடையாது.

ஒரு பாட்டி எழுந்து, "பள்ளிக்கூடத்துக்கு ஒரு மொய் நோட்டுப் போடு" என்றார். பேரனைச் சேர்க்க வந்தவர், குழுவில்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள், அந்த மொய் இன்னும் திருப்பப்படவில்லை என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படியே முடிவானது. நோட்டில் காசு மட்டும் இல்லை. தச்சர் வருஷத்துக்கு இரண்டு நாள் என்று எழுதினார். கொத்தனார் குழாய் வேலை எழுதினார். இரண்டு பட்டதாரிப் பெண்கள் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் கதை வாசிக்க எழுதினார்கள், தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். பூக்கொல்லைக்காரர் ஒருவர் தன் மின்மோட்டார்த் தண்ணீரைப் பள்ளித் தோட்டத்துக்கு விடுவதாக எழுதினார். கஜாவில் விழுந்த மரங்களுக்குப் பதில் வைத்த கன்றுகள் இப்போதுதான் தழைக்கின்றன.

புறப்படும் இடத்தைப் பற்றி நான் சொன்னபோது சலசலப்பு வந்தது. வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும் என்றார்கள். வழக்கமே இல்லை, இதுதானே முதல் முறை என்றேன். படிக்கிற பிள்ளைகளின் கணக்கை எடுத்து வைத்தேன். காலனியிலிருந்து புறப்படுவது என்று தீர்மானமாகிவிட்டது. இரண்டு வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது, வராவிட்டாலும் சீர் போகும்.

கரும்பலகை:
மனது நிறைந்துவிட்டது அம்மா. ஒரே ஒரு எச்சரிக்கை. காசாக வருவது ஒரு ரூபாயானாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள், ரசீது கொடுங்கள். பொருளாக வருவதை அன்றே பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போனாலும் பதிவேட்டில் இருப்பது தங்கும். ஆசிரியர் கையில் ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு வாங்கியவர்கள்கூட பிறகு பதில் சொல்ல முடியாமல் கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பூவரசமரம்:
சீர் போய் வந்தோம். நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

நெல்லியடி அண்ணா சொன்ன மாதிரி முந்தின சனிக்கிழமையே எல்லாரும் கூடிப் பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்தோம். கருவேல முள்ளை வெட்டினோம், ஓட்டில் ஒழுகிய இடத்தை மாற்றினோம். குழாய் மேடை கட்டி முடிந்தது. ஒன்றாவதுப் பிள்ளைகள் ஈரச் சிமெண்ட் என்றுகூடப் பார்க்காமல் கை கழுவ வந்து நின்றார்கள், விரட்ட வேண்டியிருந்தது.

புறப்பட்ட அன்று முதல் தட்டை எடுத்தது பள்ளியைத் துப்புரவு செய்கிற அம்மா. அவர் பேத்தி இரண்டாவது படிக்கிறாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார், யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை, அவரே எடுத்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழச் சீப்பு, கதம்பம். பின்னால் பாய், பந்து, கேரம் போர்டு, ஒரு கடிகாரம், ஒரு பீரோ, கதைப் புத்தகங்கள். பினாயிலும் துடைப்பமும் வாளியும்கூடத் தட்டில்தான் போயின. அதைத் தட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பள்ளிக்கு வேண்டியது அது, வைக்கலாம் என்றேன்.

பெரிய தெருவில் திரும்பியபோது எழுந்து போன இரண்டு வீட்டில் ஒருவர் வாசலில் தட்டோடு நின்றிருந்தார். வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். இன்னொருவர் வரவில்லை. அவர் பேரனை அடுத்த ஜூனில் எங்கே சேர்ப்பார் என்று தெரியவில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசுவேன்.

எல்கேஜி, மூன்றாவது ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ரெண்டாம்பெஞ்சு அண்ணா எழுதிக் கொடுத்த வாசகம்தான், மிக்க நன்றி. சிங்கப்பூர்த் தம்பிகள் துப்புரவுக்கென்று மாதாமாதம் குழுக் கணக்குக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். முதல் மாதம் வந்துவிட்டது.

கீழக்கரைவழி:
நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம். எங்கள் ஊரிலும் இதைச் செய்ய ஆசை. மொய் நோட்டில் என்னென்ன பத்திகள் போட்டீர்கள் அக்கா?

பூவரசமரம்:
பெயர், தெரு, பள்ளியில் படித்த வருஷம், இப்போது படிக்கிற பிள்ளையின் வகுப்பு, என்ன தருகிறார், எந்த மாதம் தருகிறார், கொடுத்தாயிற்றா. ஏழு பத்திதான். கடைசிப் பத்தியை மாதக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள், அது முக்கியம். பட்டியல் போடுவதற்கு முன்னால் பெண் பிள்ளைகளிடம் பெயரில்லாத தாள் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து நாளை போடுகிறேன், பெயர்களை மறைத்துவிட்டு.